பாதிப் பேர் போய்விட்ட ஊர்

மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அவர் ஜன்னலைத் திறக்க மாட்டார், செய்தித்தாளைப் புரட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கணவர் கல்லூரியில் புவியியல் ஆசிரியர். பஸ் ஏறினால் தலை சுற்றும் என்பதால், ஏரிகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி முழுக்க அடுத்தவர் எழுதிய அறிக்கைகளிலும் வரைபடங்களிலும்தான் நடந்தது. அதில் அவர் கெட்டிக்காரர். கால் மட்டும் எந்த ஏரியிலும் நனைந்ததில்லை.

பேராசிரியர் பதவிக்கு ஒரு கட்டுரைதான் பாக்கி. வற்றிப்போன ஓர் ஏரியையும் அதன் கரையில் இருக்கும் ஊரையும் பற்றியது அது. அதைப் படித்த நிபுணர் ஒரே ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்பினார்: ஏரி வற்றியதால் அந்த ஊரில் பாதிக் குடும்பங்கள் வெளியேறின என்பதற்கு மூல ஆதாரம் எது?

அவர் மேசை நிறையப் புத்தகங்களைப் பரப்பினார். கட்டுரை ஓர் அறிக்கையைக் காட்டியது. அறிக்கை ஒரு நூலைக் காட்டியது. நூலின் அடிக்குறிப்பு, கல்யாணமான புதிதில் அவரே எழுதிய ஆய்வேட்டைக் காட்டியது.

"இதை நான் எங்கேருந்து எடுத்தேன்?" என்றார், முகம் வெளிறி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் பிறந்த ஊர். புதுப்பெண்ணாக வந்த வாரம், "ஏரி வத்தினதுல உங்க ஊரை விட்டு எத்தனை குடும்பம் போயிருக்கும்?" என்று அவர் கேட்டார். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "பாதி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் புகுந்துகொண்டாள்.

அண்ணனுக்குப் போன் செய்தாள். "ஏரி வத்தினப்போ ஊரை விட்டு யாருண்ணே போனாங்க?"

"நீதான் போன. அதுவும் நாங்களா கட்டிக்கொடுத்து அனுப்பினது. வேற ஒருத்தரும் போகல. என்ன திடீர்னு ஏரி மேல பாசம்?"

சாப்பாடு போடும்போது மென்று விழுங்கிச் சொன்னாள். "ஏங்க, அந்தப் பாதிக் கணக்கு நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதுங்க. யாருமே போகலைன்னு அண்ணன் சொல்றாரு."

"உங்க அண்ணன் இதை எங்கேயாவது எழுதியிருக்காரா?"

"அவரு மளிகைச் சீட்டுகூட எழுத மாட்டாரே."

"அப்புறம் எப்படி எடுத்துக்கிறது? நீ அப்போ சொன்னது அச்சுல இருக்கு."

"அதைச் சொன்னதே நான்தானேங்க!"

"அதான் நிம்மதி. ஊர்க்காரங்க வாயாலேயே கேட்டது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியிருந்தது. தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

'உள்ளூர்வாசியிடம் நேரில் விசாரித்தது' என்று அவர் எழுதி அனுப்பினார். நிபுணர் பாராட்டினார்.

இப்போது அவர் பேராசிரியர். அவர் எழுதியது பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது. பாதிப் பேர் போய்விட்ட கதையை அண்ணன் மகள் அதே ஊர்ப் பள்ளியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறாள்.