ஹேமோ வீட்டு வங்குகள்

மெர்ஸ்டோ துறைமுகத்தில் கொம்பு ஊதினாலே ஹேமோ கைவேலையை நிறுத்திவிடுவான். ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கொம்பு ஊதுவார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவன் மாட்டேன் என்றால், அவன் வீட்டை இடிக்க மறுபடியும் ஊதுவார்கள். ஆறு வயதில் தோல் பதனிடும் ஒருவர் வீடு இடிபட்டதை அவன் பார்த்திருக்கிறான். அந்த வீட்டுக்காரி மடியில் பானையை வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தாள்.

ராஜா தந்த சாசனம் தேவாலயப் பெட்டியில் இருந்தது. அதன்படி மெர்ஸ்டோக்காரர்கள் எந்தச் சந்தையிலும் சுங்கம் கட்ட வேண்டாம். எந்த வழக்கானாலும் சொந்த ஊர் மன்றத்தில்தான் விசாரணை. பதிலுக்கு, ராஜா கேட்கும்போது ஒரு கப்பலும் இருபத்தொரு ஆட்களும் பதினைந்து நாளுக்கு அனுப்ப வேண்டும். தவறினால் சாசனம் பறிபோகும்.

ஹேமோ கலப்பத்துக்காரன். பலகை இடுக்குகளில் சணலைத் திணித்துத் தார் பூசி அடைப்பது அவன் தொழில். ஓர் இடுக்கைக்கூட இரண்டு தடவை தடவிப் பார்க்காமல் விடமாட்டான். அந்தக் குளிர்காலத்தில் ஊர்க் கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கி, பலகைகளைத் தாங்கும் வளைந்த விலாமரமான வங்கு ஒன்றில் குத்தூசியை வைத்தான். பிடிவரை இறங்கியது. அப்படி ஆறு வங்குகள் உளுத்திருந்தன. மரம் கேட்டு மடத்துக் காட்டுக்கு இரண்டு முறை போனார்கள், துறவிகள் தரவில்லை. அதற்குள் ராஜாவின் ஓலை வந்துவிட்டது. கப்பல் திடமாக இருக்கிறது என்று புதுத் தலைவர் வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

பிப்ரவரி மாதக் காலை, கல்லறை முற்றத்தில் ஊர் கூடியது. வசதியானவர்கள் எல்லாரும் பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டார்கள். யாரோ "ஹேமோ!" என்று கத்த, எல்லாரும் கத்தினார்கள்.

"கப்பலப் பத்தித் தெரிஞ்சவன் நீதானேப்பா!" என்று சிரித்தான் கொம்பூதி தர்ஸ்டன்.

"தெரிஞ்சதாலதான் மாட்டேங்கறேன். ஆறு வங்கு உளுத்துப் போச்சு."

"தாரைக் கொஞ்சம் கூடப் பூசு."

"உன் கொம்புல ஓட்டை விழுந்தா தாரடைச்சு ஊதுவியா?"

சிரிப்பு கிளம்பி உடனே அடங்கியது. "மதியம் மணி அடிக்கிறவரைக்கும் நேரம் இருக்கு. அப்புறம் உன் இஷ்டம்" என்றான் தர்ஸ்டன்.

வீட்டில் மனைவி கோட்லீவா அழுதாள். "ஒரே ஒரு வார்த்தை, சரின்னு சொல்லிட்டு வாய்யா. இந்தக் குளிர்ல புள்ளைங்கள எங்க கொண்டு வைப்பேன்?"

"அந்த இருபத்தொரு பேர்ல உன் தம்பியும் ஒருத்தன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பிலிருந்த பானையை இறக்கித் துணியில் சுற்றினாள்.

மணி அடித்தது. கொம்பும் ஒலித்தது. கொக்கிகளோடும் கயிறுகளோடும் வந்தார்கள். கூரைப் புல்லை இழுத்துப் போட்டார்கள். கூரையைத் தாங்கிய வளைந்த மரங்கள் வெளியே தெரிந்தன. கரையில் உடைந்து ஒதுங்கிய கப்பலின் வங்குகளால் அவன் அப்பா கட்டிய வீடு அது. அந்த மரங்கள் நாற்பது வருடப் புகையில் கறுத்திருந்தன. ஒருவன் கோடாரியை ஓங்கினான்.

"வெட்டாதீங்கடா!" என்று கத்தினான் ஹேமோ.

"பயந்துட்டான் பாரு!"

"பயம்தான். மொதல்ல கோடாரிய இறக்கு. ஆணியத் தட்டி முழுசா எடு. அந்த வளைவப் பாரு, நம்ம கப்பல் வளைவு."

ஓங்கிய கோடாரி மெல்ல இறங்கியது. ஹேமோ எண்ணிப் பார்த்தான். எட்டு மரங்கள், கப்பலுக்கு ஆறு போதும். அன்று மெர்ஸ்டோவில் முதல்முறையாக ஒரு வீட்டை இடிக்காமல் பிரித்தார்கள். கோட்லீவாவும் பிள்ளைகளும் வலைக் கொட்டகைக்குப் போனார்கள்.

மறுவாரம் தர்ஸ்டனையே தலைவனாக்கினார்கள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்குத் துணிவில்லை. வங்குகள் ஆறும் கப்பலில் ஏறியதும், ஒவ்வொன்றிலும் ஹேமோ குத்தூசியை வைத்துக் காட்டினான். நுனிகூட இறங்கவில்லை. வேதத்தின் மேல் கை வைக்கும்முன் தர்ஸ்டன் கேட்டான்: "நீயும் அதுல போவியா?"

ஹேமோ குத்தூசியை இடுப்பில் செருகினான். சரி என்று தலையாட்டினான்.

இருபத்தொரு பேரில் ஒருவனாகப் போனான். கரை மறைந்ததும் அலை ஓங்கி அடித்தது. மச்சான் மேலே துடுப்பு போட்டான். ஹேமோ அடிவயிற்றுக்குள் இறங்கி, வீட்டில் பிள்ளைகளின் உயரத்தைக் கத்தியால் கீறி வைத்திருந்த வங்கைத் தேடிப் பிடித்தான். மூன்றாவது கீறலுக்குக் கீழே, பலகை இடுக்கில் உள்ளங்கையை வைத்தான். வெளியே கடல் மோதியது. கை நனையவில்லை. ஆனாலும் எடுக்கவில்லை.