காத்தாயிக்கு ஒரு பெரட்டு

கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட புதுக் காக்கித் துணிக்கு ஒரு மணம் உண்டு. வடித்த சோற்று நீரும் கரிப்பெட்டியின் சூடும் மலிவான சாயமும் சேர்ந்த மணம். தலையில் ஊற்றிய நல்லெண்ணெயின் வாசத்தோடு அது கலந்துவிட்டால், என்னைப் பொறுத்தவரை தீபாவளி விடிந்துவிட்டது என்று பொருள். மலேசியாவில், சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டில், எழுபதுகளில், மற்றச் சிறுமிகள் எல்லாரும் சரிகைக் கரைப் பாவாடையில் மினுக்கிக்கொண்டு வெளியே வரும்போது, நான் மட்டும் காக்கிச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் போட்டு, கை நிறையக் கண்ணாடி வளையலும் தலை நிறைய மல்லிகையுமாக வந்து நிற்பேன். "போலீஸ்காரி வாராடி, பட்டாச ஒளிச்சு வைங்கடி!" என்று வரிசையாகக் குரல் கேட்கும். அப்பா தம் பங்குக்கு எழுந்து நின்று எனக்கு ஒரு சல்யூட் வைப்பார். அவருக்கு அது ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் வேடிக்கை.

இதற்குக் காரணம் "படையல்". தீபாவளிக்கு முதல் நாள் மாலை இறந்தவர்களுக்கு இலை போடுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. உயிரோடு இருந்தபோது யாருக்கு எது பிடித்ததோ அதை வைப்பார்கள். தாத்தாவுக்குக் கறுப்பு பீர், பெரியப்பாவுக்குச் சிகரெட், இப்படி. பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மணமாகாமல் இறந்த பெண் இருந்தால் அவளுக்குத் தனி இலை, புதுத் துணி, வளையல், பூ. அந்தத் துணியை மறுநாள் காலை அந்த வீட்டின் மணமாகாத பெண் எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பையன்களுக்கு நடுவே அந்தத் தகுதி எனக்கு மட்டும்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக் கன்னியின் பெயர் காத்தாயி. அவள் எங்களுக்கு எந்த உறவும் இல்லை. அம்மாவும் அவளும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள், ஒரே வயதுக்காரர்கள். ஜப்பான்காரன் காலத்தில், வெள்ளைக்காரனிடமிருந்து இந்தியாவை விடுவிக்கப் போகிறோம் என்று பெண்களுக்கும் ஒரு பட்டாளம் சேர்த்தபோது, இந்தியாவைக் கண்ணால் பார்த்தேயிராத இந்த இருவரும் ரப்பர்ப் பால்வாளியை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். பர்மா வரைக்கும் போனார்கள். தோற்று நடந்து திரும்பும் வழியில் காத்தாயி காய்ச்சலில் இறந்துபோனாள். அம்மாவும் மற்றவர்களும் சாலையோரத்தில் அவளைப் புதைத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார்கள். அம்மா இதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. தோட்டத்துக்கு வந்து செய்தி சொன்னபோது, காத்தாயியின் அப்பா, "ஓடிப்போனவ பேர என் வீட்டு வாசல்ல சொல்லாத" என்று கதவைச் சாத்தினாராம். பெற்றவர்கள் போடாத இலையை அன்றிலிருந்து அம்மா போட்டார். ஏன் காக்கி என்று நான் அழுதபோது ஒரே பதில்தான்: "அவ ஆசப்பட்டுப் போட்டது அதான். பாவாட வச்சா திரும்பிக்கூடப் பாக்கமாட்டா."

எனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டு தீபாவளி நவம்பரில் வந்தது. துணி எடுக்க அம்மாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனோம். காக்கி எடுத்துக்கொண்டு திரும்பும்போது, ரயில் நிலையத்துக்கு எதிரே நினைவுத்தூண் இருக்கும் திடலில் கூட்டம். போரில் மாண்டவர்களை நினைவுகூரும் நாள் அது. தூணைச் சுற்றி, மார்பில் பதக்கங்களோடு பழைய படைவீரர்கள் வரிசையாக நின்றார்கள். யார் முதலில் மலர்வளையம் வைப்பது, யார் இரண்டாவது, கொம்பு எப்போது ஊத வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. பின்னாளில் அரசாங்க அலுவலகத்தில் இப்படிப்பட்ட விதிகளைக் காப்பாற்றுவதற்காகவே எனக்குச் சம்பளம் தந்தார்கள் என்பதால் எல்லாம் தெரியும். அன்று ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் வரிசையைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார்.

தோட்டத்தில் வேலைக்கு முன் விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் "பெரட்டு" என்று பெயர். கங்காணி பெயரைக் கூப்பிட்டால்தான் நீங்கள் அன்றைக்கு இருக்கிறீர்கள். கூப்பிடாவிட்டால் எதிரிலேயே நின்றாலும் இல்லை. பெரட்டிலேயே வளர்ந்த அம்மாவுக்கு, ஆட்களை இப்படி நிறுத்தியிருப்பது வேறு எதற்கும் இருக்க முடியாது. கொம்பு ஊதி முடிந்தது. மௌன அஞ்சலி தொடங்கியது. எல்லாரும் தலை குனிந்தார்கள். திடலில் இலை அசையவில்லை. செத்தவர்களுக்காக நிறுத்திய பெரட்டில் பெயர் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது, கூப்பிடத்தான் ஆளில்லை என்று அம்மா முடிவுசெய்துவிட்டார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

"காத்தாயீ...!"

கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே மூன்று நிரை தாண்டிக் கேட்கிற குரல் அது. மூன்று முறை கூப்பிட்டார், படையலில் கூப்பிடுவது போலவே. காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரர் ஓடிவந்து, "மாக்சிக், ஜாங்கான் பீசிங்" என்று கெஞ்சும் குரலில் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். "பேரு கூப்பிட்டேன்லா, வேறென்ன?" என்று அம்மா தமிழிலேயே விளக்கம் கொடுத்தார். வரிசையில் யாரும் திரும்பவில்லை; அதுதான் பயிற்சி. ஒருவர் மட்டும், தலை குனிந்தபடியே, கையிலிருந்த தொப்பியைத் தவறவிட்டார்.

அது சாமிக்கண்ணு, காத்தாயியின் தம்பி. அக்கா பட்டாளத்துக்குப் போனபோது சின்னப் பையனாக இருந்தவர், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில் தோட்டத்து வேலிகளைக் காத்த சிறப்புக் காவலராகச் சேர்ந்து, வெள்ளைக்காரன் கையால் பதக்கம் வாங்கி, பிறகு ஈப்போவில் நல்ல வேலையோடு, குனோங் ராபாட்டில் புதிதாகக் கட்டிய தொடர்வீட்டில் குடியேறியிருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் நேரே எங்களிடம் வந்தார். பின்னாலேயே அவர் மனைவி ராஜம் தேநீர்க் குடுவையோடு வந்தார்.

"முனியம்மாக்கா, ஏங்கா இப்பிடி என் மானத்த வாங்குறீங்க?" என்றார்.

"ஒன் மானத்த நான் எங்கடா வாங்குனேன்? நீங்க யாருமே கூப்பிடல, நான் கூப்பிட்டேன்."

"இது வெள்ளக்காரன் பக்கம் நின்னு செத்தவங்களுக்குக் கட்டுன தூணு. அவன் குடுத்த மெடலக் குத்திக்கிட்டு நிக்கிறேன். அவனச் சுடப் போனவ பேர இங்க சொன்னா என்னை என்னக்கா நெனைப்பாங்க?"

"அவ யாரடா சுட்டா? துப்பாக்கிக்கு எண்ண போட்டதோட சரி. சுடறதுக்குள்ள காய்ச்ச வந்திருச்சி. நீ மட்டும் என்ன கிழிச்ச? வேலிகிட்ட நின்னு ஆட்டப் புடிச்ச."

ராஜம் சட்டென்று சிரித்துவிட்டு, கணவர் பார்த்ததும் குடுவையின் மூடியைத் திறந்து மூடினார். சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. தமக்கு அக்கா என்று ஒருத்தி இருந்ததே பிள்ளைகளுக்குத் தெரியாது என்றார். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கப்போகிறார்கள். அத்தை பட்டாளத்தோடு காடு மேடெல்லாம் போனவள் என்று தெரிந்தால் பேச்சு வரும் என்றார். இனி இங்கே வந்து கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பதக்கம் குத்திய மனிதர் ஒரு பால்மரக்காரியிடம் கையைக் குவித்துக் கெஞ்சுவதை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா அப்போதுதான் வாங்கிய காக்கித் துணிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார்.

"சரி. எலயை நீ போடு. இரத்த சொந்தம் நீதான், நான் இரவல்காரி. ஒன் வீட்ல அவளுக்கு எல போட்டு, நீயே பேரு சொல்லிக் கூப்பிடு. அப்புறம் நான் இந்தப் பக்கமே வரல."

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். தலையையும் ஆட்டினார்.

அந்தத் தீபாவளிக்கு எனக்குப் பச்சைப் பாவாடை கிடைத்தது. லயமே திரண்டு வந்து பார்த்துவிட்டு, "போலீஸ்காரிக்குப் பென்சன் ஆயிருச்சா?" என்று கேட்டது. எனக்கு உலகம் முழுவதும் கிடைத்த மாதிரி இருந்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை. முதல் நாள் மாலை எல்லா இலையும் போட்டு, எல்லாரையும் கூப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் இருந்தார். "கூப்பிட்டிருப்பானா?" என்று அப்பாவிடம் கேட்டார். "வாங்குன பொருளுக்குச் செய்யாம இருப்பானா?" என்றார் அப்பா. அதற்குப் பிறகும், அடுப்படியிலும் பால்காட்டிலும், அந்தக் கேள்வி ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருந்தது. பட்டாளத்தில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டால் ஒரு வாக்கியத்தில் முடிப்பவர், இந்த ஒரு விஷயத்தில் ஓயவே இல்லை.

மறு ஆண்டு அதே நாளில் என்னை இழுத்துக்கொண்டு திடலுக்குப் போனார். நிகழ்ச்சி தொடங்குமுன் சாமிக்கண்ணுவைப் பிடித்தார்.

"எல போட்டியா?"

"போட்டேங்கா. கோழி, இனிப்பு, எல்லாம் வச்சோம்."

"பேரு?"

அவர் தம் காலணியைப் பார்த்தார். அதில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு இருந்தது. ராஜம்தான் பதில் சொன்னார்: "அவருக்கு வாய் வரலக்கா. மனசுக்குள்ள சொல்லிக்கிட்டாரு."

"பேரு சொல்லாம வச்சா அது வெறுஞ்சோறு, ராஜம். வழியில போறவனும் திங்கலாம். அவ எப்பிடி வருவா?"

அவ்வளவுதான் பேச்சு. கொம்பு ஊதியது, மௌனம் விழுந்தது, அம்மா முந்தானையைச் செருகினார். அடுத்து வந்த தீபாவளிக்கு நான் மறுபடியும் காக்கிக்குத் திரும்பினேன்.

அதன் பிறகு அம்மா ஓர் ஆண்டும் தவறவில்லை. தீபாவளி முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். ஏற்பாட்டாளர்கள் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார்கள், தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தபடியே கூப்பிட்டார். கடைசியில் பழகிவிட்டார்கள். புதிதாக வரும் போலீஸ்காரருக்குப் பழையவர், இந்த அம்மா ஒரு பெயர் சொல்வார், பிறகு சும்மா இருந்துவிடுவார் என்று சொல்லிக்கொடுத்ததை நானே கேட்டிருக்கிறேன். எண்பதுகளில் அரசாங்க வேலைக்கு வந்ததும், இதை முறைப்படி செய்ய வழி உண்டா என்று தேடினேன். ஒருவரை நினைவுகூர வேண்டுமானால் அவர் பணியாற்றிய படையிலிருந்து சான்று வேண்டும். அந்தப் படையோ நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கலைந்துவிட்டது. அதற்கு அலுவலகமும் இல்லை, முத்திரையும் இல்லை. நடைமுறையில் ஒரு குறையும் இல்லை, காத்தாயிதான் அதில் அடங்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "ஒங்க ஆபீஸ்ல கேட்டா அவ செத்தா?" என்றார்.

சாமிக்கண்ணு ஆண்டுதோறும் வரிசையில் நின்றார். முடி நரைத்தது, பதக்கங்களின் நாடா வெளுத்தது. தம் அக்காவின் பெயரை முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டு அசையாமல் நிற்பதில் அவருக்கும் பயிற்சி வந்துவிட்டது. பெண்களுக்குத் திருமணம் நடந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவும் அவரும் பேசிக்கொள்வதில்லை. ராஜம் மட்டும் வந்து தேநீர் கொடுத்துவிட்டுப் போவார்.

பிறகு அம்மாவின் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள், உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அந்த ஆண்டு போக வேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றார். கூட்டிக்கொண்டு போனேன்.

கொம்பு ஊதி முடிந்து மௌனம் தொடங்கியதும் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, உதடு அந்தப் பெயருக்குக் குவிந்தது, ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. போலீஸ்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்; பழகிய ஒன்று வராததால். நான் கூப்பிடலாம் என்று மூச்சை இழுத்தேன்.

அதற்குள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"காத்தாயீ...!"

குனிந்த தலைகள் பல நிமிர்ந்தன. சாமிக்கண்ணு வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். குரல் உடைந்திருந்தது. படையலில் கூப்பிடும் குரலாக அது இல்லை. விளையாடப் போய் இருட்டியும் வராத அக்காவைத் தேடி லயத்து வாசலில் நின்று கத்துகிற பையனின் குரலாக இருந்தது. மூன்று முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அம்மா கையைத் தூக்கினார். பெரட்டுக்கு வர முடியாதவளுக்காகப் பக்கத்து நிரைக்காரி தூக்குவது போல.

அடுத்த ஆண்டு அம்மா இல்லை. சாமிக்கண்ணு மேலும் சில ஆண்டுகள் கூப்பிட்டார் என்று ராஜம் சொன்னார். பிறகு அவரும் போனார். ரப்பர் போய்த் தோட்டம் எண்ணெய்ச் செம்பனை ஆகி, லயங்களை இடித்தாகிவிட்டது. பெரட்டு என்றால் என்ன என்று இன்று என் மருமகள்களுக்குச் சொல்லி விளங்க வைக்க வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நான் ஈப்போவில்தான் இருக்கிறேன். வீட்டுப் படையலில் காத்தாயியையும் அம்மாவையும், சாமிக்கண்ணுவையும் சேர்த்துக் கூப்பிடுகிறேன். திடலில் கூப்பிடுவது என் வேலை இல்லை. அது கூடப் பிறந்தவனுக்கும் கூட நடந்தவளுக்கும் உரியது.

போன நவம்பரில் அந்தப் பக்கம் போனேன். நினைவுத்தூணைக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். மலர்வளையங்கள் விதிப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கொம்பு பிசிறில்லாமல் ஒலித்தது. மௌன அஞ்சலி யாராலும் கலையாமல், தொடக்கம் முதல் கடைசி வரை, முழு மௌனமாகவே நடந்து முடிந்தது.