மணலில் சைக்கிள் ஓட்டிய கோமதி அக்கா

கோமதி அக்காவின் கணவர் சிவராமன் அண்ணனின் ஃபோன் வந்தபோது நான் திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. "மாலா, கோமதி போயிட்டா" என்றார். நான் ஒன்றும் கேட்காமலேயே, "நெஞ்சில சளி கட்டிப்போச்சு. கஞ்சி, தண்ணி எல்லாம் இறங்க வேண்டிய இடத்துல இறங்காம நெஞ்சுக்குள்ள போயிருக்கு. டாக்டர் முந்தியே சொன்னதுதான்" என்று தொடர்ந்தார். ஆபீஸில் எல்லோருக்கும் நீதான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஸ்டாண்டில் ஒரு தூணோரம் நின்று ஒவ்வொருவராக அழைத்தேன். இடமாற்றலாகிப் போனவர்களும் ஓய்வு பெற்றவர்களும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "நம்ம சைக்கிள் அக்காவா?"

ஆபீஸ் நண்பர்களே, அந்தப் பெயர் வந்த கதையில் உங்களில் பலருக்குப் பாதிதான் தெரியும், சொல்லிச் சிரித்துக்கொண்ட பாதி. மற்றப் பாதியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

கோமதி அக்கா திருநெல்வேலியில் பிறந்தவர். கல்யாணமாகிக் கரமனைக்கு வந்து, நம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். கேரளத்தில் அத்தனை வருஷம் இருந்தும் அவருடைய தமிழில் 'ஏட்டி'யும் 'வாரியா'வும் போகவில்லை. மேலே கொஞ்சம் மலையாளம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர் வருவதை நாங்கள் செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொள்வோம். அப்படி ஒரு வேக நடை. மதியம் சாப்பிடப் போகும்போது எங்களையெல்லாம் விட்டுவிட்டு ஓட்டலில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார். "நீங்க நடக்கேளா, நகருதேளா?" என்பார்.

முதலில் இடது கை விரல்கள் நடுங்கின. பிறகு கால். பார்க்கின்சன் என்று டாக்டர் பெயர் சொன்ன பிறகும் அவர் லீவு எடுக்கவில்லை. ஒரு நாள் கணக்குப் பிரிவின் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. யாரையோ எதிர்பார்த்து நிற்கிறார் என்று நினைத்தேன். அருகில் போனபோது அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. "கால் வரல்லட்டி" என்று மெதுவாகச் சொன்னார். "நான் சொல்லுதேன், அது கேக்கல."

அதைவிட மோசம் ஓவர்பிரிட்ஜ் சந்திப்பில் நடந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்தோம். பாதியில் அவருடைய பாதங்கள் தாரில் ஒட்டிக்கொண்டதைப் போல நின்றுவிட்டன. சிக்னல் விழுந்தது. பஸ்களும் ஆட்டோக்களும் எங்கள் இருபுறமும் ஹாரன் அடித்தன. நான் இழுத்தேன், இடுப்புக்கு மேலே மட்டும் வந்தது. பைக்கில் வந்த ஒருவன் மலையாளத்தில், காலையிலேயே குடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனான். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓடிவந்து வண்டிகளை மறித்த பிறகு, அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்காத குறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அக்கா நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு தன் தொடையைத் தானே அடித்துக்கொண்டார். அன்றுதான் அவர் அழுது நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தபோது, பிசியோதெரபி செய்யும் இடத்தில் ஒரு நாள் அவரை உடற்பயிற்சி சைக்கிளில் ஏற்றி உட்காரவைத்தார்கள். அறைக்கதவைத் தாண்டவே கால்மணி நேரம் எடுத்தவர் அந்தப் பெடலில் கால் வைத்ததும் நிற்காமல் மிதித்தார். சிகிச்சை செய்த பெண், நடக்க முடியாமல் நின்றுவிடுகிறவர்களில் சிலருக்குச் சைக்கிள் மிதிக்க வருவதுண்டு, ஏன் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது என்றாள். அக்கா அன்று சாயங்காலமே எனக்கு ஃபோன் செய்தார். "நின்ன எடத்துல மிதிக்கதுக்கு நான் என்ன செக்கு மாடா? எனக்கு ஓடுற சைக்கிள் வேணும்."

எந்தச் சைக்கிள் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். சங்குமுகம் கடற்கரையில் அண்ணனோடு காரில் உட்கார்ந்திருந்தபோது ஒருவன் மணலிலேயே சைக்கிள் ஓட்டிப் போவதைப் பார்த்திருக்கிறார். சாதாரணச் சைக்கிளின் டயர் புதைந்துபோகும் இடத்தில் அது மிதந்தது. சக்கரம் ஒவ்வொன்றும் மோட்டார் சைக்கிள் சக்கரத்தைவிடத் தடிமன். "ஃபேட் பைக்காம். விழுந்தாலும் மணல்தானே மாலா, தார் இல்லல்லா" என்றார். அண்ணன் கூடவே கூடாது என்றுவிட்டார். அதனால் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார்.

கடைக்காரர் எங்களைப் பார்த்து, "மோனு வேண்டியாணோ சேச்சி?" என்று கேட்டார். "எனக்குப் பிள்ளையே இல்ல. எனக்குத்தான்" என்றார் அக்கா. கடைக்காரர் அவருடைய கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், உள்ளே வரச் சொன்னார். உள்ளே வருவதுதான் முடியவில்லை. வாசற்படியில் அக்காவின் கால் நின்றுவிட்டது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "சைக்கிளை இங்க கொண்டாங்க" என்றார்.

மஞ்சள், கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று நிறம் இருந்தது. அவர் ஆரஞ்சைக் கேட்டார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பூரி மாவை அமுக்கிப் பார்ப்பதைப் போல அப்படி ஒரு கவனம். ரப்பரில் இருந்த கட்டங்களை விரலால் தடவினார். மணி பெரியதாக ஒன்று வேண்டும் என்றார். சீட்டை இறக்கச் சொன்னார். "மணல்ல போணும்னா காத்தைக் கொறச்சு வெக்கணும் சேச்சி. கொறஞ்சாத்தான் பரந்து நிக்கும்" என்று கடைக்காரர் தமிழில் சொல்ல முயன்றார். நோய் வந்த பிறகு அக்கா எதையாவது இப்படி ஆசையாகத் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை.

கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் கடைக்காரரும் நானும் பிடித்து ஏற்றிவிட்டோம். தள்ளிவிட்டதும் போய்விட்டார். தார் ரோட்டில் அந்தத் தடித்த டயர் ஒரு வண்டைப் போல ரீங்கரித்தது. சந்தின் முனையில் அகலமாகத் திரும்பினார், எங்களைத் தாண்டினார், மறுமுனைக்குப் போனார். கடைக்காரர், "சேச்சி, நிர்த்தான் பற்றுமோ?" என்று கத்தினார். நிறுத்த முடியுமா என்று நாங்கள் யாருமே அதுவரை யோசிக்கவில்லை. அக்காவுக்கு நிறுத்தத் தெரியும், நிறுத்தியபின் காலை இறக்கித் தரையில் ஊன்றத்தான் முடியாது. கால் மறுபடியும் உறைந்துவிடும், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிடுவார். நாங்கள் கையை விரித்துக்கொண்டு ஓடினோம். "பிடிக்காதீங்க, இன்னும் ஒரு சுத்து!" என்று அவர் கத்தினார். அந்த ஒரு சுற்றுக்குப் பிறகும் அதையே கத்தினார்.

வீட்டில் பெரிய சண்டை. அண்ணன் சைக்கிளை வாசலுக்கு உள்ளே விடவில்லை. "நீ விழுந்தா யாரு பாக்கது? நான்தானே?"

"விழலன்னாலும் நீங்கதானே பாக்கப் போறேள்" என்றார் அக்கா. "ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, கட்டில்ல கெடப்பேன். நீங்கதான் அள்ளணும். அதுக்கு முன்னால எனக்கு இதைத் தாங்க."

அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் அவரே காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

அப்படித் தொடங்கின சங்குமுகத்துக் காலைகள். கடல் தின்றது போக மிச்சமிருந்த மணல்தான், ஆனாலும் அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. அலை ஏறி இறங்கிய ஈர மணலில் டயர் அகலமான ஜரிகைக் கரையைப் போல ஒரு தடம் போட்டுக்கொண்டே போகும். வலை இழுக்கிறவர்கள் கயிற்றைத் தூக்கி வழி விடுவார்கள். ஓரத்து நாய்கள் குரைத்துக்கொண்டே கூட ஓடும். என்னையும் ஒரு முறை ஏற்றினார். கனம் அதிகம், தொடை எரிந்தது, ஆனால் கீழே மணல் குழைந்து அமுங்கும்போது எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்று உடம்புக்குத் தோன்றிவிடுகிறது. சிரித்துவிட்டேன். "இப்பப் புரியுதா?" என்றார் அக்கா, கார்க் கதவைப் பிடித்து நின்றபடி. "இதுல இருக்கும்போது எனக்குச் சீக்கு இல்ல. இறங்குனாத்தான் சீக்கு."

இறக்குவது அண்ணனின் வேலை. அவர் மணலில் காலை அகட்டி நிற்பார். அக்கா நேராக அவரை நோக்கி வந்து, வேகம் குறைத்து, அவர் மேலேயே சாய்வார். அண்ணனுடைய தோளும் விலாவும் எப்போதும் கன்றியிருக்கும்.

ஆனால் நோய் எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. மாத்திரை வேலை செய்யும் நேரம் குறைந்துகொண்டே போனது. முன்பு காலை முழுக்க ஓட்டியவர், பிறகு சூரியன் ஏறுவதற்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் அவசரப்பட்டார். மழையிலும் போகலாம் என்றார், காய்ச்சலோடும் போகலாம் என்றார். டாக்டரிடம் மாத்திரையைக் கூட்டித் தரச் சொல்லிக் கெஞ்சினார். கூட்டினால் கை கால்கள் தானாக முறுக்கிக்கொண்டு ஆடும் என்று அவர் மறுத்தபோது, "ஆடட்டும், டாக்டர். ஓடுனாச் சரி" என்றார்.

அந்த அவசரத்தில்தான் கல்லாறுக்குப் போனோம். பொன்முடிக்கு ஏறும் வழியில் ஆற்றங்கரை ஊர். விதுரை வரை காரில் போய், அங்கிருந்து கல்லாறு வரை அவர் சைக்கிளில் வருவதாக ஏற்பாடு. நாங்கள் பின்னாலேயே காரில் ஊர்ந்தோம். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே அந்த ஆரஞ்சு நிறம் வளைந்து வளைந்து போனது. எதிரே வந்த ஜீப்புக்காரர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் நிறுத்துவதாகப் பேச்சு. அண்ணன் முந்திப் போய்க் காரை நிறுத்திவிட்டு ரோட்டில் கையை விரித்து நின்றார்.

அக்கா நிற்கவில்லை. அண்ணனைச் சுற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி, மலை ஏற்றத்தில் ஏறினார். அண்ணன் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். மேடு செங்குத்தான இடத்தில் சைக்கிள் தானாகத் தளர்ந்து, ஓரத்துப் புதருக்குள் அவரோடு சாய்ந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் முழங்கை ஒரு மாதிரி மடங்கியிருந்தது. எலும்பு முறிந்திருந்தது. டீக்கடைக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அண்ணன் ரோட்டிலேயே உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். "மதி கோமதி, போதும். என்னால முடியல" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அக்கா என் மடியில் தலை வைத்திருந்தார். "பிரேக் பிடிக்கக் கை வரல. மாத்திரை வேகம் தீந்துபோச்சு" என்று என்னிடம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, அண்ணனுக்குக் கேட்காத குரலில், "கை வந்திருந்தாலும் பிடிச்சிருக்க மாட்டேன் மாலா" என்றார்.

எலும்பு கூடியபோது மற்றதெல்லாம் போயிருந்தது. குரல் தேய்ந்து, காதை வாயருகே வைத்தால்தான் கேட்கும். சைக்கிள் கூடத்தில் அவர் கட்டிலுக்கு எதிரே நின்றது. ஒரு நாள் அவர் கேட்டார், மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. சங்குமுகத்துக்குக் கொண்டுபோய், அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கி, சீட்டில் ஏற்றினோம். பாதங்களைப் பெடலில் எடுத்து வைத்தேன். நழுவின. மறுபடி எடுத்து வைத்தேன். என் துப்பட்டாவால் கட்டிப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டார். அக்கா முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதிக்க அவர் முயல்வது கழுத்து நரம்பில் தெரிந்தது. கால் அசையவில்லை. "இறக்கிருங்க" என்றார். அதற்குப் பிறகு சைக்கிளைப் பற்றி அவர் பேசவே இல்லை. அவர் இறந்தது போன மாதம். எனக்கு அவரை இழந்த நாள் அதுதான்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒரு காலை சங்குமுகம் போனேன். இந்த மழைக்குக் கடல் இன்னும் உள்ளே வந்து, நாங்கள் நின்ற இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருந்த ஒடுக்கமான மணலில் அண்ணன் அந்தச் சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. "வீட்டுல சும்மா நிக்குதுல்லா" என்றார். "நீ கொண்டு போறியா?" வேண்டாம் என்றேன். மறுபக்கத்துக் கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டேன். இருவருமாகக் கொஞ்ச தூரம் தள்ளினோம்.

நண்பர்களே, இதில் ஆறுதல் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் இனிமேல் வலியில்லாமல் இருப்பார் என்று வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவர் கேட்டது வலியில்லாமல் இருக்க அல்ல. ஓட வேண்டும் என்று கேட்டார், ஒரு சில மாதங்கள் ஓடினார். அந்த மாதங்களில் தினமும் வெளுக்கும் முன்னால் என் ஃபோன் அடிக்கும். "எழும்பிட்டியா? இன்னைக்கு வாரியா?" இப்போது ஃபோன் அடிப்பதில்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, போக எந்த இடமும் இல்லாமல், ஜன்னல் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோமதி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த விழிப்பு.