கலப்பத்து அடித்த அறை

யுத்தம் முடிந்த மறு வருஷம், அடைமழைக் காலத்தில் என் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் மதராஸில் நர்ஸ் படிப்பு முடித்து ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம், கடற்கரைத் தெருவில் அவள் புகுந்த வீட்டுக்குப் போனேன்.

மச்சானுக்குத் தோணிகளுக்குக் கலப்பத்து அடிக்கும் வேலை. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைச் செருகி, உளி வைத்து அடித்து இறுக்குவார். அவர் அடைத்த தோணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. வாடைக்காற்று பச்சை உடம்புக்காரியைத் தொடக்கூடாதென்று, அதே கைத்திறனை அக்கா படுத்திருந்த அறையிலும் காட்டியிருந்தார். ஜன்னலில் ஓர் இடுக்கு பாக்கி இல்லை. கட்டிலுக்கடியில் சட்டி நிறைய உடைமரக் கரி கனன்றுகொண்டிருந்தது.

அக்காவால் தலையைத் தூக்க முடியவில்லை. காலையிலிருந்து மூன்று வாந்தி. காய்ச்சல் இல்லை. நாடி வேகம். குழந்தை பாலுக்கு அழவில்லை. ஒவ்வொன்றாக மனதில் குறித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கினேன். வாசலில் அக்காவின் மாமியார் இன்னும் கொஞ்சம் கங்கோடு நின்றார்.

"எங்கேளா பிள்ளைய கொண்டு போற? கண்ணு பட்டுக் கெடக்கு. இன்னும் சூடு காட்டணும்."

"அந்தச் சூடுதான் மாமி கொல்லுது. கரியில விஷவாயு வருது."

"புகையே இல்லையேளா! வெளி முத்தத்துல வச்சு, புகை அடங்கின பொறவுதான உள்ள கொண்டாரேன்?"

எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். புகை அடங்கினால் கெடுதல் போயிற்று என்று நினைப்பு. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாதது அதன் பிறகும் வந்துகொண்டேயிருக்கும்.

"உங்களுக்குத் தலை வலிக்கலையா?"

"உள்ள வந்தா தெறிக்கி. வெளிய போனா விட்டிருது."

"கண்ணேறு என்ன, உள்ள வாறவுகளுக்கு மட்டுமா படும்?"

மாமி வழி விடவில்லை. "பிள்ளைக்குச் சன்னி வந்தா யாருளா பொறுப்பு?"

"நான்தான். தள்ளுங்க."

அவரை இடித்துக்கொண்டே வெளியேறினேன். அதுவரை ஒரு பெரியவரையும் நான் அப்படித் தொட்டதில்லை. சத்தம் கேட்டு வந்த மச்சான் அக்காவைத் தூக்கிவந்து முன்கூடத்தில் கிடத்தினார். நான் சட்டியை மழையில் கவிழ்த்தேன்.

"மச்சான், உளியைத் தாங்க."

"நான் அடிச்சது. உன் கையில வராது."

"அப்பம் நீங்களே புடுங்குங்க."

தன் அம்மாவைப் பார்த்தார், கிடந்த அக்காவைப் பார்த்தார். பிறகு உளியை எடுத்தார். ஜன்னல் இடுக்கிலிருந்து முதல் திரி வர வெகுநேரமாயிற்று.

சாயங்காலம் அக்கா தண்ணீர் கேட்டாள். அதற்கு முன்பே குழந்தை அழ ஆரம்பித்திருந்தது.

மறுநாள் மாமி மறுபடி கங்குச் சட்டியோடு வந்தார். நான் எழுந்திருக்கும் முன்பே கட்டிலிலிருந்து அக்கா சொன்னாள்: "வெளிய வைங்க மாமி. என் பிள்ளைக்கு மூச்சு வேணும்."