பேப்பர் வராத வாரங்களின் ஓட்டங்கள்

நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள். மறதியில் எழுதிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் கந்தோரின் பழைய ஊழியர்கள் சேர்ந்து வெளியிட்ட மலரில் உங்கள் கட்டுரை நான்கு பக்கம். யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்தடிக் கந்தோரில், கன்ரீன் மேசையைச் சுற்றி, கடதாசியிலேயே அணி கட்டி விளையாடிய ‘பேப்பர் ரீம்’ விளையாட்டைப் பற்றியது. யாரும் கணக்கில் எடுக்காத ஆட்டக்காரர்களை நீங்களே கண்டுபிடித்தீர்களாம். அதற்காகக் கருவாட்டுக் கடையில் பழைய கடதாசி பொறுக்கினீர்களாம். பொறுக்கியது நான். கண்டுபிடித்ததும் நான். கருவாட்டு மணம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறக்கிற சுத்த சைவக்காரர் நீங்கள்.

இனி உங்களை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும்.

விளையாட்டு இதுதான். கொழும்புக் கழகங்களின் கிரிக்கெட் பருவம் தொடங்க முதல், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கன்ரீனில் ஆறு ஆண்கள் கூடுவார்கள். சீட்டுக் குலுக்கி முறை போடுவார்கள். முறை வந்தவர் ஒரு ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லுவார். சொன்னால் அந்த ஆள் அவருக்கு. மற்றவர்கள் தொட முடியாது. பதினொரு சுற்று முடிய ஒவ்வொருவரிடமும் ஒரு அணி இருக்கும். பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆங்கிலப் பேப்பரைப் பார்த்து, ஓட்டத்துக்கு ஒன்று, விக்கெட்டுக்கு இருபது, பிடிக்குப் பத்து என்று புள்ளி போட்டுக் கரும்பலகையில் எழுதுவார்கள். பருவம் முடிய, கூடிய புள்ளி எடுத்தவரின் பெயரைப் பலகையின் மேல் மூலையில் வெள்ளைப் பெயின்ரால் எழுதுவார்கள். அடுத்த வருடம் வரை அது அழியாது. பரிசு அவ்வளவுதான். அந்த மூலையில் என் பெயர் வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான் அங்கே தட்டெழுத்தாளர். கன்ரீனுக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. அந்தப் பக்கம் ஆறு பேரின் சிரிப்பு. இந்தப் பக்கம் நானும் ஒரு ரைப்ரைட்டரும் என் சாப்பாட்டுப் பெட்டியும்.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு காலம் ஆறு பேர். அண்ணன்மார் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு போனார்கள். அம்மாவும் அப்பாவும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு படகில் இந்தியா போனார்கள். “அரசாங்க வேலை, விட்டிட்டு வராதை. நாங்கள் கெதியா வந்திடுவம்” என்று அப்பா சொன்னார். வரவில்லை. ஆறு மணிக்கு ஊரடங்கு. ஐந்தரைக்குச் சைக்கிளை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினால், அடுத்த நாள் காலை வரை யாரோடும் கதை இல்லை. பக்கத்து வீடும் பூட்டு. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “கறிக்கு உப்புக் காணாது” என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு, யாருக்குச் சொன்னேன் என்று யோசித்தேன். மிச்சத்தைச் சாப்பிட முடியவில்லை.

கொப்பி அந்தப் பொழுதுகளில்தான் தொடங்கியது. அப்பா எனக்கு ஸ்கோர் வாசிக்கப் பழக்கியிருந்தார். கன்ரீனில் வாசித்து எறிந்த பேப்பரை வீட்டுக்குக் கொண்டுபோய், பொடி எழுத்தில் கிடந்த ஸ்கோர் முழுவதையும் கொப்பியில் ஏற்றினேன். ஓட்டம் எத்தனை என்பதோடு நிற்கவில்லை. எத்தனையாவதாக இறங்கினான், எப்படி ஆட்டமிழந்தான், மற்ற முனையில் யார் நின்றான், எல்லாம். அந்தப் பெடியன்கள் ஒருவரின் முகமும் எனக்குத் தெரியாது. ஆனால் யார் அவசரக்காரன், யார் பொறுமைக்காரன், யாரை அவனுடைய தலைவனுக்கே பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

கொழும்பு வீதியைக் கந்தளாய்ப் பக்கம் ஆமி பூட்டினால் பேப்பர் வராது. சில வேளை நான்கு நாள், சில வேளை பத்து நாள். ஆண்கள் அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். பேப்பர் வராத வாரத்துக்குப் புள்ளி இல்லை. பலகையில் அந்த இடத்தில் ஒரு கோடு. எல்லாருக்கும் ஒரே கோடுதானே, இதில் என்ன அநியாயம் என்று கேட்டார்கள்.

அநியாயம் இருந்தது. ஒருவருக்கும் படவில்லை. அடுத்த வருடத் தெரிவுக்கு எல்லாரும் அந்தப் பலகையைத்தான் பார்த்தார்கள். பேப்பர் வந்த வாரத்தில் நாற்பது அடித்தவன் பெரிய ஆள். வராத வாரத்தில் எழுபது அடித்தவன் திருகோணமலையில் ஒன்றுக்கும் உதவாதவன். கொழும்பில் அவனை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் கன்ரீனில் அவன் வெறும் கோடு.

இது எனக்குப் பட்டது கருவாட்டுக் கடையில். கடைக்காரர், நான் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் மனிதர், குறிஞ்சாக்கேணியில் இருந்து ஒவ்வொரு நாளும் படகில் வந்து ரவுணில் கடை திறப்பவர். வீதி திறந்ததும் கொழும்பிலிருந்து பழைய கடதாசி மூட்டை மூட்டையாக லொறியில் வரும். அதில்தான் அவர் கருவாடு சுற்றித் தருவார். ஒரு நாள் சுற்றின தாளில், எங்களுக்கு வராமல் போன ஒரு திங்கட்கிழமை இருந்தது. கடை வாசலிலேயே நின்று வாசித்தேன்.

“என்ன புள்ள, கடதாசியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கல்யாண விளம்பரமா?”

“இல்லை நானா. கிரிக்கெட்.”

“நான் மாப்பிள்ள தேடுறீங்கண்டு நெனச்சன்.”

“மாப்பிள்ளை எட்டாவதா இறங்கி அறுபத்தொண்டு அடிச்சிருக்கிறார், நானா.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்கென்று இங்கிலீசுக் கடதாசிகளைப் பெட்டிக்குக் கீழே ஒதுக்கி வைத்தார். நெத்தலி வேண்டாத கிழமையிலும் நான் போனேன். “இண்டைக்குக் கருவாடா, கடதாசியா?” என்று கேட்பார். அந்த மாதங்களில் என்னோடு பகிடி விட்ட ஒரே மனிதர் அவர்.

கோடு விழுந்த ஏழு வாரங்களில் ஐந்தை அப்படித்தான் பிடித்தேன். எட்டாம் இலக்கத்து இடதுகைக்காரன் ஒருவன் அந்த ஐந்தில் மூன்றில் இருந்தான். மூன்றிலும் ஆட்டமிழக்கவில்லை. அறுபத்தொன்று, நாற்பத்தெட்டு, எழுபத்துநான்கு. அவனை ஒருவராலும் வெளியேற்ற முடியவில்லை. கூட நிற்க ஆள் இல்லாமல் ஆட்டம் முடிந்திருந்தது. மற்ற முனையில் எல்லாரும் போய்விட, அவன் மட்டையோடு நிற்கிறான். எனக்கு அந்த நிலைமை தெரியும். ஒரு வருடத்துக்குள் அவனை மேலே இறக்காவிட்டால் அந்தக் கழகத்தில் ஒருவருக்கும் கண் இல்லை என்று கொப்பியில் எழுதினேன். இரண்டாவது, ஓட்டம் கொடுக்காத ஒரு சுழற்பந்து வீச்சாளன். அவனுடைய பந்தில் பிடிகளை விட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று ஆட்ட விபரத்தில் ஒரு வரி இருந்தது. மூன்றாவதாகவும் ஒருவனைக் குறித்தேன்.

எழுபத்துநான்கு இருந்த தாளுக்கு ஒரு மூலை இல்லை. வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கோட்டைப் பக்கத்தில் வீதியிலேயே திரியும் மான்களில் ஒன்று உப்பு மணத்துக்கு வந்து கடித்துக்கொண்டு போய்விட்டது. காவல் சென்றியில் நின்ற ஆமிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பந்துவீச்சு விபரம் முழுவதும் அந்த மூலையில் இருந்தது.

அவர் எனக்கு அடுத்த மேசை லிகிதர், கன்ரீன் ஆறு பேரில் ஒருவர். ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி வந்தார்.

“தங்கச்சி, இந்தக் கருவாட்டு நாத்தம் உங்கட மேசையிலயிருந்தே வருது?”

“ஓம் அண்ணை. கருவாடில்லை, கடதாசி.”

காட்டினேன். எட்டாம் இலக்கக்காரன், நானா, மான் எல்லாரையும் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். முக்கால் மணித்தியாலம் கேள்வி கேட்டார். நல்ல கேள்விகள். என் முன்னால் ஒரு ஆள் இருந்து நான் சொல்வதைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது! அதில் மயங்கி மூன்று பெயர்களையும் ரைப் பண்ணியே கொடுத்தேன். என் பிழை அது. மிச்சமெல்லாம் அவருடைய பிழை.

“வெண்டால் நான் உங்கட பேரைச் சொல்லுவன்” என்றார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னது.

தெரிவு நாளில் அவர் முதல் பெயரைச் சொன்னதும் மற்றவர்கள் கத்தியது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

“எட்டாவதா இறங்கிறவனையோ? பலகையைப் பாருமப்பா, அவனுக்கு முழு வருசத்துக்கும் நூற்றிப்பதினொண்டு!”

“விடுங்கோ, ஆளுக்கு வெயில் பிடிச்சிட்டுது.”

“அடுத்த முறைக்குக் கன்ரீன் சமையல்காரரையும் எடும். அவரும் எட்டாவதா இறங்குவார்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் தனியே இருந்து சிரித்தேன். எனக்கு முடிவு தெரிந்திருந்தது.

அந்தப் பருவத்தில் இடதுகைக்காரனை நான்காவதாக இறக்கினார்கள். மூன்று சதம். சுழற்பந்துக்காரனுக்குப் பிடிகள் கையில் நின்றன. மூன்றாமவனும் ஏமாற்றவில்லை. அவர் வென்றார். பெயின்ர் பேணி வந்தது, கைதட்டல் வந்தது. “எப்பிடி ஐசே கண்டுபிடிச்சனீர்?” என்று ஒருவர் கேட்டார். நான் தட்டுவதை நிறுத்தினேன். விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே இருந்தன. இப்போது சொல்லுவார், இப்போது என்று இருந்தேன்.

“எல்லாம் ஒரு கண்தான்” என்றார் அவர்.

பிறகு இனிப்புப் பணிஸ் ஒன்றைக் கடதாசியில் வைத்து என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

“அவையளிட்டச் சொன்னனீங்களோ, அண்ணை?”

“சொல்லுறன், சொல்லுறன். இப்ப சொன்னால் ஒரு மாதிரி இருக்கும். பகிடி பண்ணுவினம்.”

“ஆரை?”

அவர் தன் மேசைக்குத் திரும்பினார். பணிஸை நான் தின்னவில்லை. காகத்துக்குப் போட்டேன்.

அடுத்த வருடம் என் சொந்தப் பட்டியலோடு கன்ரீன் வாசலில் போய் நின்றேன். பதினொரு பெயருக்குப் பதிலாக முப்பது பெயர். மற்றவர்கள் எடுத்தாலும் எனக்கு ஆள் இருக்கவேண்டும் அல்லவா?

களஞ்சியப் பொறுப்பாளர்தான் முதலில் கண்டார். “என்ன பிள்ளை, தேத்தண்ணியோ? கேத்தில் அங்கால கிடக்கு.”

“இல்லை. எனக்கும் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கோ.”

“பிள்ளை, இது கோலப் போட்டியில்லை.”

“தெரியும். போன வருசம் வெண்டு குடுத்த மூண்டு பேரையும் தெரிவு செய்தது ஆரெண்டு அண்ணையைக் கேளுங்கோ.”

மற்ற ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவருக்கு ஒரு வசனம் போதும். ‘ஓம்’ என்றாலே போதும். அவர் கையிலிருந்த சீட்டுகளை மடித்தபடி, நிமிராமல் சொன்னார்: “அவ சும்மா பகிடிக்குக் கேக்கிறா.”

நான் திரும்பி நடந்தேன். தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து இருந்து கடிதம் ஒன்றை ரைப் பண்ணத் தொடங்கினேன். பிழை மேல் பிழை. நான்கு தாள் கிழித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் தனியே விளையாடினேன். தெரிவு நாளில் தட்டி வழியாகக் கேட்ட ஆறு அணிகளையும் கொப்பியில் எழுதுவேன். அவர்கள் விட்ட ஆட்களை வைத்து ஏழாவதாக என் அணி. கோடு விழுந்த வாரங்களைக் கருவாட்டுக் கடையில் தேடி நிரப்புவேன். மூன்று வருடத்தில் இரண்டு முறை நான் முதலாவது. கொப்பியை மூடி வைத்துவிட்டு விளக்கை நூர்ப்பேன். வேறு யாருக்குச் சொல்ல? வென்றதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாவிட்டால் அது வென்றது போலவும் இல்லை.

அவர் விட்டபாடில்லை. “இந்த முறை ஒண்டும் தரமாட்டீங்களோ, தங்கச்சி?” என்று வருவார். பிழையான பெயர்களைக் கொடுக்கலாம் என்று ஒருமுறை நினைத்தேன். கொடுக்கவில்லை. கொப்பியை அசிங்கப்படுத்த மனம் வரவில்லை. “தரமாட்டன்” என்றேன். அந்த வருடம் அவர் கடைசி. வீதி பூட்டினதால் வந்த வினை என்று மற்றவர்களுக்குச் சொன்னாராம். பிறகு அவரும் வெளிநாடு போனார்.

இத்தனை வருடம் நான் இதை எழுதவில்லை. பெயரை எடுத்தார், போகட்டும் என்று இருந்தேன். இப்போது மலரைத் திறந்தால் குறிஞ்சாக்கேணி நானாவையும் எடுத்திருக்கிறார். மானையும் எடுத்திருக்கிறார். என்னுடைய தனிமையில் எனக்குக் கிடைத்த இரண்டு சிரிப்பு அவை. அவற்றையும் தன்னுடையது என்கிறார்.

அடுத்த மாதம் பழைய ஊழியர்களின் ஒன்றுகூடல். நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து பேசப்போகிறீர்கள் என்று அழைப்பிதழில் இருக்கிறது. நான் முன் வரிசையில் இருப்பேன். அந்தக் கடதாசிகள் கையில் இருக்கும், மணம் இன்னும் போகவில்லை. மூன்றாவதாக உங்களுக்கு யாரைக் கொடுத்தேன் என்று நான் இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. உங்கள் நான்கு பக்கத்திலும் அவன் இல்லை. அவன் யார், அவனை ஏன் எடுக்கச் சொன்னேன், அந்தக் காரணத்தை முதலில் கண்டது யார்? ஒலிவாங்கியைப் பிடித்து, மண்டபம் முழுவதற்கும் கேட்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதையும் ஒலிவாங்கியிலேயே சொல்லுங்கள்.