கேட்காமல் விட்டது

என் கணவர் கண்டிக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், எழுதுவினைஞராக இருந்தார். கலியாணம் முடித்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து நானும் வந்து சேர்ந்தேன். வாவிக்கு மேலே, சரிவில், ஈரம் காயாத சுவர்களோடு ஒரு வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயில், புதன்கிழமைகளில் மாதர் கூட்டம். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஒழுங்கான கிறிஸ்தவக் குடும்பம்.

அவர் குடித்தார். கச்சேரி விட்டதும் இரண்டொரு சிநேகிதர்களோடு தவறணைப் பக்கம் போய்விடுவார். சாராய மணம் தெரியாமல் இருக்க வாயில் கராம்பைப் போட்டு மென்றுகொண்டு வீட்டுக்கு வருவார். கேட்டால், "பல்லுக் கொதிக்குது" என்பார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஆராதனை முடிந்து சபையார் படியிறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கோயிலுக்கு எதிரே இருந்த சாக்கடைக் கானுக்குள் அவர் விழுந்தார். போதகரும் வேறொருவரும் தூக்கி நிறுத்தினார்கள். நெற்றியில் இரத்தம். நான் குடையை விரித்து என் முகத்தை மறைத்துக்கொண்டேன். மழை பெய்யவில்லை.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"விட வேணும். ஆனால் என்னாலை தனிய ஏலாது. கச்சேரி விட்டு விளக்கு வைக்கிற வரைக்கும்தான் எனக்குப் பொல்லாத நேரம். அந்த நேரம் நீ என்னோட கூட இரு. அது போதும்."

"இருக்கிறன்" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். முழு மனதோடும் சொன்னேன்.

அன்று தொடங்கிய பழக்கம் ஒரு வருடத்துக்கு மேலாக நடந்தது. அவர் நேரே வீட்டுக்கு வருவார். தேத்தண்ணி குடித்த பிறகு ஹோலில் இருவரும் கதிரைகளை யன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வோம். அவர் வேதப்புத்தகத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பார். பிறகு முழங்காலில் நிற்போம். முதல் வாரங்களில் அவருடைய கைகள் நடுங்கும். நடுக்கம் அடங்குகிற வரையில் எழும்பமாட்டோம். சில நாட்களில் ஜெபிக்கச் சொல்லே வராது. வெறுமனே பக்கத்தில் நிற்பேன். வெளியே வாவிக்கரையில் ரிக்‌ஷாக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டு போவார்கள். என் வாழ்க்கையில் ஆண்டவருக்கு மிகக் கிட்ட இருந்தது அந்த வருடத்தில்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் டேலியா வந்தது.

போதகரின் மனைவி கொஞ்சக் கிழங்குகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். "திருமேசைக்குப் பூ வைக்க ஆளில்லை, பிள்ளை. உம்மட வளவிலை நல்ல வெயில் விழுது" என்றார். நட்டேன். கண்டி மண்ணுக்கும் குளிருக்கும் அது அப்படி வளருமென்று நான் நினைத்திருக்கவில்லை. மஞ்சள், இருண்ட சிவப்பு, ஓரம் வெளுத்த ஊதா. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூத்தது. ஞாயிறுகளில் திருமேசையில் என் பூக்கள் நின்றன. பிரசங்கம் நடக்கும்போது அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பூச் சாடி கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருந்திருக்கலாமோ என்று யோசிப்பேன். அதைப் பாவம் என்று யார் சொல்வார்கள்? நானே சொல்லவில்லை. கோயிலுக்குச் செய்கிற வேலைதானே என்று இருந்தேன்.

டேலியாவுக்கு நத்தைதான் எதிரி. பொழுது சாய்கிற நேரத்தில் அவை கல்லிடுக்குகளிலிருந்து வெளியே வரும். அப்போதே பொறுக்காவிட்டால் விடியும்போது மொட்டு இராது. ஆகவே அவர் வேதப்புத்தகத்தை எடுக்கிற நேரத்தில் நான் அரிக்கன் லாம்போடு பாத்திக்குள் நிற்பேன்.

"வாறியோ?" என்று யன்னலால் கேட்பார்.

"நீங்கள் வாசிச்சுக்கொண்டிருங்கோ. இந்த வரிசையை முடிச்சிட்டு வாறன்."

வந்து பார்க்கும்போது அவர் வாசித்து முடித்திருப்பார். சில நாள் அவசரமாக ஒரு ஜெபம் சொல்லி எழும்புவோம். பிறகு அவர் யன்னலால் கேட்பதை நிறுத்திவிட்டார். பிறகு, கச்சேரியில் வேலை கூடிவிட்டதென்று பிந்தி வரத் தொடங்கினார்.

மலர்க் கண்காட்சிக்கு என் பூக்களையும் வைக்கச் சொல்லி மாதர் கூட்டத்தில் எல்லோரும் தூண்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர் பிந்தி வந்த முதல் நாள் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நல்லதாய்ப் போயிற்று என்று தோன்றியது. இருட்டும் வரைக்கும் தோட்டத்தில் நிற்கலாம்.

அந்த மாதத்திலேயே ஒரு நாள், சோறு போடக் குனிந்தபோது கராம்பு மணத்தது. என் கை கரண்டியோடு நின்றது. அவர் தலை நிமிரவில்லை. நான் கறியை வைத்துவிட்டு, "மழை வரும் போலை கிடக்கு" என்றேன்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரைசாணி ஒருத்தி என் இருண்ட சிவப்பு டேலியாவுக்கு முன்னால் நின்று, பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம் பரிசாகக் கிடைத்தது. அவர் வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. வராதது அந்தச் சந்தோஷத்தில் எனக்கு உறைக்கவும் இல்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வீடு வந்தேன்.

விறாந்தையில் ஒரு முஸ்லிம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அலவத்துகொடைக்காரர், கச்சேரிக்குப் போகிற வழியில் சாமான் கடை வைத்திருந்தவர். நாங்கள் அரிசி பருப்பு வாங்குவது அவரிடம்தான். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"தங்கச்சி, பயப்புட வாணாம். ஐயா ரோட்டுல விழுந்துட்டாரு. நான்தான் கூட்டிட்டு வந்தேன். உள்ள படுக்க வச்சிருக்கேன். கையில மட்டும்தான் அடி."

"என்ன நடந்தது, நானா?"

"கொஞ்ச நாளா இப்பிடித்தானே, தங்கச்சி. ஒங்களுக்குத் தெரியும்ண்டு நெனச்சேன்."

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன்.

அறைக் கதவு திறந்தே இருந்தது; நான் சொன்னது உள்ளே கேட்டிருக்கும். அந்தப் பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனார். அந்த இரக்கத்தை நான் பொய் சொல்லி வாங்கினேன்.

உள்ளே என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மறுநாள் கோயிலுக்கும் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகுதான் கேட்டார். கோபமில்லாமல் கேட்டார்.

"கராம்பு மணத்தது உனக்குத் தெரிஞ்சது, என்ன?"

"ஓம்."

"பிறகேன் கேக்கேல்லை?"

சொல்ல எத்தனையோ சாட்டுகள் இருந்தன.

"கேட்டால் பழையபடி உங்களோட இருக்க வேண்டி வரும்" என்றேன். "எனக்கு நேரம் வேணுமாய் இருந்தது."

நான் எழும்பிப் போய் மண்வெட்டியை எடுத்தேன். முதல் பாத்தியைக் கொத்துவதற்குள் அவர் பின்னால் வந்து பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"பூ என்ன செய்தது? என்ர குடியை அதின்ர தலையிலை போடாதை. உன்ர தலையிலையும் போடேல்லை. குடிச்சது நான்."

"நான் இருக்கிறன் எண்டு சொன்னனான்."

"சொன்னாய்தான். ஆனால் நான் உன்னைக் காவலுக்கு வைச்சிட்டு, நான் படுத்திட்டன். நீ வெளியிலை போன உடனை எனக்குள்ளை ஒருத்தரும் முழிச்சிருக்கேல்லை. அது என்ர பிழை."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டார். அதனால் என் பங்கு குறைந்துவிடவில்லை. விழாமல் இருப்பது அவருடைய வேலை என்பது சரி. விழப்போகிறவரைக் கண்டும் முகத்தைத் திருப்பியது நான். அதுவும் வெறுப்பினால் அல்ல, ஒரு மொட்டுக்காக. பெரிய பாவமாக இருந்திருந்தால் தூரத்திலேயே கண்டு ஓடியிருப்பேன். இது நல்ல உடுப்பு உடுத்து, திருமேசைக்கு என்று சொல்லிக்கொண்டு, போதகரின் வீட்டிலிருந்தே வந்தது.

பூக்களை அவர் அழிக்க விடவில்லை. ஆனால் அந்தி வேளையில் நான் வளவில் இறங்கவில்லை. மறுபடி கதிரைகளை இழுத்துப் போட்டோம். இந்த முறை அவர் வரும்வரை காத்திருக்காமல் நானும் எனக்காகத் தனியே முழங்காலில் நிற்கப் பழகினேன். அது கஷ்டமாக இருந்தது. மற்றவருக்காக ஜெபிக்கையில் வந்த சொற்கள் எனக்காக வரவில்லை. அவர் பிறகும் தவறினார், ஒருமுறைக்கு மேல். தவறிய நாட்களில் கராம்பு மெல்லாமல் வந்தார். வாசலிலேயே, "இண்டைக்கு விழுந்திட்டன்" என்பார். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாவலப்பிட்டிக்கு மாற்றம் கிடைத்துப் போனபோது அவர் முற்றாக விட்டிருந்தார். அங்கே சபை சிறியது; ரயில்வேக்காரர்களும் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களும். ஒரு ஆராதனையில் உபதேசியார், "ஐயா, ஆண்டவர் ஒங்களுக்குச் செஞ்சதைச் சாட்சியாச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். அவர் எழும்பி நின்றார். பேச்சுப் பழக்கமில்லாதவர். முன் வாங்கின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு சுருக்கமாகச் சொன்னார்.

"நான் குடிகாரன். என்னோட முழிச்சிருக்கச் சொல்லி என்ர மனிசியைக் கேட்டனான். ரெண்டு பேரும் அயர்ந்து போனம். ஆண்டவர் அயரேல்லை. அவ்வளவுதான்."

சபை "ஆமென்" என்றது. எனக்கு முகம் எரிந்தது. ஏன் என்னையும் சேர்த்துச் சொன்னார், இந்தப் பெண்கள் இனி என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து வாங்கில் இருந்த ஒரு தோட்டத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்து, எனக்கும் தெரியுமாறு பாட்டுப் புத்தகத்தை நடுவில் பிடித்தார். எல்லோரும் பாடத் தொடங்கிவிட்டார்கள். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை. அறிவித்தபோது நான் கவனிக்கவில்லை.