கல்யாணம் கழியட்டும்

என் அக்கா கேரள எல்லையோரம் கொல்லயில் என்ற ஊரில் அங்கன்வாடி டீச்சர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. ஆள் சேர்க்கும் பொறுப்பு அக்காவுக்கு. நானும் கூடப் போனேன். "எனக்கு ஒரு வேதனையும் இல்ல டீச்சரே" என்று பெண்கள் நழுவினார்கள். அக்கா விடவில்லை.

"வேதனை இல்லாத கட்டியத்தான் பயப்படணுமாக்கும். பாக்கியது பொம்பள டாக்டர்தான், வாங்க."

பூவார் பக்கமிருந்து மீன் விற்க வரும் பெண்ணையும், கூடையை வராந்தாவில் இறக்கி வைக்கச் சொல்லி உள்ளே அனுப்பினாள். அவருக்கே தெரியாமல் சிறு கடலை அளவில் ஒரு கட்டி இருந்தது. உடனே திருவனந்தபுரம் அனுப்பினார்கள்.

சாயங்காலம் டாக்டர், "டீச்சருக்குப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். "நான் பின்ன வாறேன்" என்று அக்கா பெஞ்சுகளை அடுக்கப் போய்விட்டாள். களைப்பு என்றுதான் நினைத்தேன்.

ஆவணியில் அவள் மகளுக்குக் கல்யாணம். பந்தல் பிரித்த அன்று அக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள். கல்போல இருந்தது.

"எப்பம்க்கா கண்டது?"

"முகாமுக்கு முன்னயே உண்டு மக்கா. டாக்டர் தொட்டா தெரிஞ்சிரும். பெண்ணுக்க அம்மைக்கு இந்த நோயின்னு மாப்பிள வீட்ல அறிஞ்சா? கல்யாணம் கழியட்டும்னு இருந்தேன்."

பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள். அவளுடைய நீண்ட முடி முழுக்கக் கொட்டியது. ஆனால் நோய் அதற்குள் அக்குளைக் கடந்து எலும்புக்குப் போயிருந்தது. அங்கிருந்த டாக்டர் திட்டவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று மலையாளத்தில் மெல்லச் சொன்னார். மற்றவர்களுக்கு அத்தனை சொன்னவள் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த ஓணத்துக்கு அவள் இல்லை.

துக்கத்துக்கு வந்த மீன்காரப் பெண், "என்னைப் பிடிச்சு உள்ள தள்ளிவிட்டது டீச்சரல்லவா" என்று முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதார். அவர் குணமாகி மறுபடி கூடை சுமந்துகொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு, அக்கா மகளின் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதற்காக அக்கா மறைத்தாள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"எங்ககிட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கப்படாதா? நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

சொல்லியிருப்பார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. அக்கா கேட்டுப் பார்க்கவே இல்லை.